பிரியஸ், அக்வா ஹைப்ரிட் பேட்டரியை வீட்டிலேயே சமன் செய்வது எப்படி

இது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி உள்ள டொயோட்டா ஹைப்ரிட்களுக்கான வழிகாட்டி. 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை பிரியஸ், 2009-இல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ், 2011 கடைசியில் வந்த அக்வா, அதே பேட்டரி அமைப்பைக் கொண்ட ஆக்ஸியோ ஹைப்ரிட் ஆகியவை இதில் அடங்கும். ஜப்பானிலிருந்து இலங்கைக்கு இறக்குமதியாகி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஹைப்ரிட்களில் இவை ஏராளம். லித்தியம் அயன் பேட்டரி உள்ள வண்டிகளுக்கு (ஹோண்டா ஃபிட் ஜிபி5, வெசல் ஹைப்ரிட், ஏழு இருக்கை பிரியஸ் ஆல்ஃபா போன்றவை) கீழே சொல்லும் எதையும் செய்யாதீர்கள். நிக்கல் செல் கொஞ்சம் கூடுதல் சார்ஜைத் தாங்கும். லித்தியம் செல் தாங்காது, தீப்பிடிக்கும். உங்கள் வண்டியில் எந்த வகை இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் ஒரு நட்டைக்கூடத் தொட வேண்டாம்.

பிரியஸின் ஹைப்ரிட் பேட்டரித் தொகுப்பில் (பேக்) 28 மாட்யூல்கள் இருக்கின்றன. ஒரு மாட்யூலுக்கு 6 செல், 7.2 வோல்ட், 6.5 ஆம்பியர்-மணி. எல்லாம் தொடரிணைப்பில் சேர்ந்து 201.6 வோல்ட் தருகின்றன. அக்வாவிலும் ஆக்ஸியோவிலும் 20 மாட்யூல்கள், 144 வோல்ட். பேட்டரியைக் கவனிக்கும் கணினியான ஈசியூ, பிரியஸில் இரண்டிரண்டு மாட்யூலை ஒரு பிளாக்காக வைத்து 14 பிளாக்குகளின் வோல்டேஜைக் கண்காணிக்கிறது. கண்காணிக்க மட்டுமே செய்கிறது. செல்களைச் சமன் செய்யும் வேலை இந்த வண்டிகளில் எதுவும் தானாக நடப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒவ்வொரு செல்லும் தன் போக்கில் சார்ஜை இழந்து, ஒன்று 70 சதவீதத்திலும் அடுத்தது 40 சதவீதத்திலும் நிற்கும். நிறைந்த செல்லைப் பார்த்துச் சார்ஜை நிறுத்த வேண்டும், காலியான செல்லைப் பார்த்து டிஸ்சார்ஜை நிறுத்த வேண்டும் என்றாகி, பேக் முழுவதன் பயன்படும் கொள்ளளவு சுருங்குகிறது. திரையில் பேட்டரி அளவு நிமிடங்களில் ஏறி இறங்குவது இதனால்தான்.

சமன் செய்தல் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும். செத்த செல்லை உயிர்ப்பிக்காது. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் வேலையில் இறங்குகிறவர்கள் வாரக்கணக்கில் உழைத்து, ஒரு மாதத்தில் அதே எச்சரிக்கை விளக்கைப் பார்க்கிறார்கள். அதனால் முதலில் அளக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள்

12 வோல்ட் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.4 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். 12-க்குக் கீழே போனால் சம்பந்தமில்லாத கோடுகள் (வண்டியின் கணினி பதியும் கோளாறுக் குறியீடுகள்) எல்லாம் வரும். இதைப் பார்க்காமலேயே பெரிய பேட்டரியை மாற்றியவர்கள் உண்டு.

பிறகு வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு அறியும் இணைப்பு) ப்ளூடூத் கருவியைச் செருகி, டாக்டர் பிரியஸ் அல்லது ஹைப்ரிட் அசிஸ்டன்ட் செயலியில் பிளாக் வோல்டேஜ்களைப் பாருங்கள். வண்டி சும்மா நிற்கும்போது பார்க்கும் எண்கள் ஏமாற்றும். எல்லாப் பிளாக்கும் 15.5 முதல் 16 வோல்ட் வரை ஒழுங்காக நிற்பதுபோலத் தெரியும். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்க வேண்டும். வேகமாக ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எந்தப் பிளாக் மற்றவற்றைவிடக் கீழே விழுகிறது? நீண்ட பிரேக்கில் எது எல்லாவற்றையும் தாண்டி மேலே எகிறுகிறது? இரண்டிலும் அதே பிளாக் என்றால் அதன் கொள்ளளவு குறைந்திருக்கிறது அல்லது உள்தடை கூடியிருக்கிறது. பிளாக்குகளுக்கிடையே 0.3 வோல்ட் வித்தியாசம் திரும்பத் திரும்ப வந்தால் கவனிக்க வேண்டிய நிலை. ஒரு பிளாக் மட்டும் ஏறத்தாழ 1.2 வோல்ட் கீழேயே நின்றால் அதில் ஒரு செல் செத்துவிட்டது. அந்த மாட்யூலை மாற்றியே ஆக வேண்டும்.

கோடுகளில் பி0ஏ80 என்பது பேக்கை மாற்றச் சொல்வது. பி3011 முதல் பி3024 வரை உள்ளவை 1 முதல் 14 வரையிலான பிளாக்குகளைத் தனித்தனியாகச் சுட்டும். பி0ஏஏ6 வந்தால் அது உயர் வோல்டேஜ் காப்பில் கசிவு. மாட்யூலிலிருந்து எலக்ட்ரோலைட் ஒழுகி உலோகப் பெட்டியைத் தொட்டிருந்தாலும் இந்தக் கோடு வரும். சமன் செய்து அதைத் தீர்க்க முடியாது.

ஃபேன், காற்று வழி

இந்த பேட்டரிகளைக் கொல்வதில் முதலிடம் சூட்டுக்கு. பேக்குக்குக் குளிர்ச்சி தருவது பயணிகள் அறையின் காற்றுதான். பிரியஸில் பின் இருக்கையின் பக்கவாட்டிலும், அக்வாவில் பின் இருக்கைக்குக் கீழேயும் இருக்கும் சல்லடை வழியாக ஃபேன் அதை இழுக்கிறது. அந்தச் சல்லடையை மறைத்துப் பையோ துணியோ வைத்தால், நம் ஊர் வெயிலில் பேக் 50 டிகிரியை நெருங்கிவிடும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஃபேனைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புழுதிச் சாலையில் ஓடும் வண்டிக்கும், நாய் பூனை ஏறும் வண்டிக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சல்லடையை மட்டும் துடைத்தால் போதாது. ஃபேனின் உருளை இதழ்களுக்கு இடையில்தான் தூசி களிம்பாக அப்பிக் கிடக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷும் வேக்குவமும் போதும். மோட்டாரில் தண்ணீர் படக்கூடாது. ஊதும்போது தூசி பேக்குக்குள் போகாதபடி ஃபேனை வெளியே எடுத்துவைத்து ஊதுங்கள். திரும்பப் பொருத்தியதும் செயலியிலிருந்து ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு, சல்லடையில் ஒரு மெல்லிய காகிதத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டி நிற்க வேண்டும்.

வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் ஏசி போடுவது பேட்டரிக்கும் நல்லது. நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலில் வைக்காதீர்கள். டொயோட்டா ஹைப்ரிட் நியூட்ரலில் பேட்டரியைச் சார்ஜ் செய்வதில்லை. வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியை மாதம் ஒருமுறையாவது அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். முடியாவிட்டால், ரெடி விளக்கு எரிய, பார்க் நிலையில், திறந்த வெளியில் அரை மணி நேரம் நிற்கவிடுங்கள்.

உயர் வோல்டேஜைத் துண்டிப்பது

இந்தப் பகுதியில் எதையும் சுருக்க வேண்டாம். 200 வோல்ட் டிசி கையைப் பிடித்தால் விடாது. 1000 வோல்ட்டுக்கான கிளாஸ் 0 ரப்பர் கையுறை, அதன்மேல் தோல் கையுறை, கண்ணாடி, 600 வோல்ட் கேட் 3 தரத்து மல்டிமீட்டர், டேப் சுற்றிய அல்லது காப்பிட்ட கருவிகள் வேண்டும். ரப்பர் கையுறையை ஒவ்வொரு முறையும் சுருட்டி ஊதி, ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். மோதிரம், வளையல், கழுத்துச் சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தனியாகச் செய்யாதீர்கள், மின்சாரம் தாக்கினால் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

வண்டியை அணைத்துச் சாவியைத் தூரமாக வையுங்கள். பிரியஸில் பின் கதவைத் திறந்து வைத்த பிறகுதான் 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரப் பூட்டு உள்ள அந்தக் கதவு திறக்காது. அடுத்து ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கை உருவிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொருவர் அறியாமல் செருகிவிடக் கூடாது. பிறகு 10 நிமிடம் காத்திருங்கள். இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் காலியாக அந்த நேரம் தேவை.

பிளக்கை எடுத்ததும் பேக் இரண்டு துண்டாகப் பிரிகிறது, வெளியே போகும் கேபிள்களில் மின்சாரம் நின்றுவிடுகிறது. ஆனால் மாட்யூல்கள் காலியாகவில்லை. பெட்டிக்குள் ஒவ்வொரு துண்டும் இன்னும் ஆளைக் கொல்லும் வோல்டேஜைத் தாங்கி நிற்கிறது. எல்லாப் பஸ்பார்களையும் (மாட்யூல்களை இணைக்கும் உலோகப் பட்டைகள்) கழற்றி முடிக்கும்வரை கையுறை கையைவிட்டு வரக்கூடாது.

பேக்கைத் திறந்தபின்

பிரியஸ் பேக் ஏறத்தாழ 40 கிலோ, இரண்டு பேர் தூக்க வேண்டும். மரப் பலகை அல்லது ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். மூடியைத் திறந்ததும் படம் எடுங்கள். ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் மார்க்கரால் 1 முதல் 28 வரை எண் போடுங்கள். பஸ்பார்களின் நட்டுகளுக்கு 8 மி.மீ. சாக்கெட்.

பஸ்பாரில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் வியப்படைய வேண்டாம், பழைய பேக்குகளில் அது வழக்கம். களிம்பு பிடித்த இணைப்பில் தடை கூடி, நல்ல மாட்யூலே கெட்டதுபோல அளவு காட்டும். பஸ்பாரையும் நட்டுகளையும் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நைலான் பஞ்சால் தேய்த்து, தண்ணீரில் அலசி, நன்றாக உலர்த்துங்கள். வோல்டேஜ் அளக்கும் மெல்லிய கம்பிகளின் முனைகளையும், அவை போய்ச் சேரும் ஈசியூவின் இணைப்பியையும் பாருங்கள். அங்கே ஒரு ஊசி முனை (பின்) பச்சை பிடித்திருந்தாலே பிளாக் கோடு வரும். எத்தனையோ பேக்குகள் இந்த ஒரு ஊசி முனையால் தூக்கியெறியப்படுகின்றன என்பதால், இந்த இடத்தில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்யூலின் அடியிலோ முனையைச் சுற்றியோ வெள்ளைப் பொருக்கு இருந்தால் அது ஒழுகுகிறது, ஒதுக்கிவிடுங்கள். அந்த எலக்ட்ரோலைட் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்தது, தோலை அரிக்கும். மேலே பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வயிறு உப்பிய மாட்யூலும் உதவாது.

ஓய்வில் எல்லாவற்றின் வோல்டேஜையும் குறித்தபின், பாரம் வைத்துச் சோதியுங்கள். 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு இதற்குச் சரியான பாரம். இரண்டு நிமிடம் எரியவிட்டு, தொடக்கத்திலும் ஒரு நிமிடத்திலும் இரண்டாவது நிமிட முடிவிலும் வோல்டேஜை எழுதுங்கள். ஒரே பல்பு, ஒரே கம்பி, ஒரே நேர அளவு. இல்லையேல் ஒப்பிட முடியாது. நல்லவை ஒன்றுக்கொன்று அருகருகே நிற்கும். செத்த செல் உள்ளது பல்பை இணைத்த மறுகணம் ஒரு வோல்ட்டுக்கு மேல் சரியும்.

மாட்யூல் வாரியாகச் சமன் செய்வது

வீட்டில் செய்ய இதுவே பாதுகாப்பான முறை என்பது எங்கள் கருத்து. நேரம் பிடிக்கும், ஆனால் கையாளுவது 9 வோல்ட்டுக்குள்தான். ஒவ்வொரு மாட்யூலின் உண்மைக் கொள்ளளவும் தெரிந்துவிடும்.

ஐமேக்ஸ் பி6 வகை ஹாபி சார்ஜர் (ரிமோட் பொம்மை வண்டி, விமானங்களின் பேட்டரிகளுக்கானது) நான்கு, 12 வோல்ட் 15 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்று வாங்குங்கள். எல்லாப் பஸ்பார்களும் கழன்றிருப்பதை உறுதி செய்தபின்தான் சார்ஜரை இணைக்க வேண்டும். தொடரிணைப்பில் இருக்கும் மாட்யூல்களில், ஒரே பவர் சப்ளையைப் பகிரும் இரண்டு சார்ஜர்களை மாட்டினால் அவற்றின் உள்ளே ஷார்ட் ஆகிப் புகைந்துவிடும். மாட்யூல்களைச் சட்டத்திலிருந்து உருவி மேசையில் தனித்தனியாக வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள். அழுத்திப் பிடிக்க ஏதுமில்லாமல் சார்ஜ் ஏறினால் பிளாஸ்டிக் உறை உப்பும், பிறகு சட்டத்துக்குள் போகாது. பேக்கின் முனைத் தகடுகள் இறுக்கமாக இருக்கட்டும். அடுத்தடுத்த மாட்யூல்களை ஒரே நேரத்தில் சார்ஜ் செய்யாமல் 1, 8, 15, 22 என்று தள்ளித் தள்ளி எடுங்கள். மேலே ஒரு மேசை ஃபேன் ஓடட்டும். கூடுதல் சார்ஜில் ஹைட்ரஜன் வெளிவரலாம், ஆகவே சன்னல் திறந்த இடம் வேண்டும்.

சார்ஜரில் வைக்க வேண்டிய அளவுகள்: நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 6 செல். சார்ஜ் 3 முதல் 3.5 ஆம்பியர். இதற்குக் கீழே வைத்தால் சார்ஜ் முடியும்போது நிகழும் சிறு வோல்டேஜ் இறக்கத்தைச் சார்ஜர் கண்டுபிடிக்காமல் தவறவிடும். அதனால் கொள்ளளவு வரம்பு 7200 மில்லி ஆம்பியர்-மணி என்றும் கட்டாயம் வையுங்கள். சூடு 45 டிகிரியைத் தொட்டால் நிறுத்துங்கள். டிஸ்சார்ஜ் 6.0 வோல்ட் வரை, 0.6 ஆம்பியர். பி6-இன் டிஸ்சார்ஜ் திறன் 5 வாட்தான். அதற்குமேல் எண்ணைக் கூட்டினாலும் பயனில்லை.

ஒரு சுற்று ஏறத்தாழ 10 முதல் 12 மணி நேரம். மூன்று சுற்று, நான்கு நான்காக 28 மாட்யூல் என்றால் ஏறத்தாழ பத்து நாள் ஆகும். அவசரப்பட்டு ஒரே சுற்றில் நிறுத்த வேண்டாம். நெடுநாள் பாதி சார்ஜிலேயே கிடந்த செல் முதல் சுற்றில் 3000 மில்லி ஆம்பியர்-மணி காட்டி, மூன்றாவதில் 4500-க்கு வருவது உண்டு. இரண்டாவது, மூன்றாவது டிஸ்சார்ஜ் எண்களையே நம்புங்கள். மூன்றாவதற்குப் பின்னும் 3500-ஐத் தாண்டாத மாட்யூலை நாங்கள் திரும்பப் போடமாட்டோம்.

எல்லாம் முடிந்ததும் முழுச் சார்ஜில் ஒரு வாரம் தொடாமல் வைத்து வோல்டேஜை மறுபடி அளங்கள். மற்றவை 8 வோல்ட்டில் நிற்க, ஒன்று மட்டும் 0.2 வோல்ட் இறங்கியிருந்தால் அது தன்னைத்தானே காலி செய்துகொள்ளும் மாட்யூல். அதன் கொள்ளளவு எண் அழகாக இருந்தாலும் அதைச் சேர்த்தால் மூன்று மாதத்தில் பேக் மறுபடி கோணலாகிவிடும். இந்த ஒரு வாரக் காத்திருப்பைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

மாற்று மாட்யூல் வாங்கும்போது, இருப்பவற்றின் கொள்ளளவை ஒட்டியதாகத் தேடுங்கள். 4500 உள்ள 27-க்கு நடுவே 6500 உள்ள புதியது ஒன்று அந்தப் பிளாக்கை மட்டும் தனியாக நடக்கவைக்கும், ஈசியூவுக்கு அதுவும் கோளாறுதான். மூன்று நான்குக்கு மேல் கெட்டிருந்தால் முழுப் பேக்கையும் புது மாட்யூல்களால் நிரப்புவதே சிக்கனம்.

முழுப் பேக்கையும் ஒன்றாகச் சார்ஜ் செய்யும் முறை

செத்த செல் எதுவும் இல்லாமல், ஏற்றத்தாழ்வு மட்டும் உள்ள பேக்குக்கு இது ஏற்றது. 350 மில்லி ஆம்பியர் அளவில் மெதுவாகச் சார்ஜ் ஏற்றினால், முதலில் நிறைந்த செல்கள் கூடுதலை வெப்பமாக மாற்றிக்கொண்டு காத்திருக்கும். பின்தங்கியவை மெல்ல வந்து சேரும். பேக்கின் இரு முனைகளிலும் ஃபியூஸுடன் நிரந்தரக் கம்பிகளைப் பொருத்தி வைத்துவிட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேக்கை இறக்காமலேயே செய்யலாம். கம்பி பொருத்தும்போது சர்வீஸ் பிளக் வெளியே. சார்ஜ் செய்யும்போது உள்ளே. பிளக் இல்லாமல் நடுவில் சுற்று அறுந்திருக்கும்.

இதற்கென்று விற்கும், மெயின்ஸிலிருந்து காப்பிட்டுப் பிரித்த சார்ஜரையே பயன்படுத்துங்கள். வீட்டு 230 வோல்ட்டை டயோடு பாலம் வழியாக நேராகப் பேக்குக்குக் கொடுக்கும் வரைபடங்கள் சுற்றுகின்றன. அப்படிச் செய்தால் பேக் முழுவதும் மெயின்ஸோடு இணைந்துவிடும். தொட்டவர் உயிர் போகலாம், மின்னோட்டத்துக்கும் கட்டுப்பாடு இருக்காது.

பேக் ஃபேன் ஓடாமல் சார்ஜ் வேண்டாம். பிரியஸ் பேக் 232 முதல் 240 வோல்ட்டிலும், அக்வா பேக் 166 முதல் 172 வோல்ட்டிலும் தேங்கும். இரண்டு மணி நேரம் வோல்டேஜ் நகராமல் நின்றால் நிறைந்துவிட்டது. முதல்முறை ஒரு முழு நாள் பிடிக்கும். டிஸ்சார்ஜுக்கு 230 வோல்ட் 100 வாட் குண்டு பல்புகள் இரண்டைப் பக்க இணைப்பில் போடுங்கள், 0.8 ஆம்பியர் அளவில் இழுக்கும். எல்இடி பல்பு உதவாது. முதல் சுற்றில் செல்லுக்கு 1.0 வோல்ட் கணக்கில் பிரியஸுக்கு 168, அக்வாவுக்கு 120-இல் நிறுத்துங்கள். மறுபடி சார்ஜ். அடுத்த சுற்றில் செல்லுக்கு 0.8 வோல்ட், அதாவது 134 மற்றும் 96. அதற்குக் கீழே போனால் பலவீனமான செல்கள் துருவம் தலைகீழாகும் ஆபத்து கூடும், அப்படி ஆன செல் திரும்பாமலும் போகலாம். தானாகத் துண்டிக்கும் கருவி இல்லாமல் பல்பை எரியவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

திரும்பப் பொருத்துவது

மாட்யூல்களைக் கொள்ளளவு வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். பேக்கின் நடுப்பகுதி எப்போதும் கூடுதலாகச் சூடாகும், அங்கேதான் மாட்யூல்கள் முதலில் சாகின்றன. ஆகவே வலுவானவை நடுவில், பலவீனமானவை இரு ஓரங்களில். ஒரு பிளாக்காகச் சேரும் இரண்டும் ஒத்த கொள்ளளவு உடையவையாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே அளவு சார்ஜுக்குக் கொண்டு வாருங்கள். வோல்டேஜ் ஒன்றாகத் தெரிவதால் சார்ஜும் ஒன்று என்று எண்ண வேண்டாம். நிக்கல் செல்லில் 40-க்கும் 70 சதவீதத்துக்கும் இடையே வோல்டேஜ் மிகக் கொஞ்சமே மாறும். 6.0 வோல்ட் வரை இறக்கி, பின் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு, சொல்லப்போனால் 2500 மில்லி ஆம்பியர்-மணி, ஏற்றினால் சரியாக வரும். அதன்பின் எல்லாப் பாசிட்டிவையும் ஒன்றாக, எல்லா நெகட்டிவையும் ஒன்றாக இணைத்து ஒரு நாள் வைப்பது கடைசி மெருகு. ஆனால் 0.1 வோல்ட்டுக்குள் வந்த பிறகே அப்படி இணைக்க வேண்டும். ஒரு வோல்ட் வித்தியாசத்தில் இணைத்தால் இருபது ஆம்பியருக்கு மேல் பாயும்.

சட்டத்தில் அடுக்கும்போது ஒன்றுவிட்டு ஒன்று திரும்பி நிற்க வேண்டும், பாசிட்டிவுக்குப் பக்கத்தில் நெகட்டிவ். ஒன்று மாறி நின்றாலும் அந்தப் பிளாக் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யத்துக்கு அருகே காட்டும். பஸ்பார் போடுவதற்கு முன் இரண்டு முறை சரிபாருங்கள். அடிப்பகுதி போல்ட்டுகள், மேலே ஓடும் காற்றுக் குழாய், மாட்யூலின் அடியில் கவ்வும் வெப்ப உணரிகள் மூன்றும் அதனதன் இடத்துக்குப் போக வேண்டும்.

நட்டுகளை 5.4 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். கைக்கணக்கு வேண்டாம். முனை பிளாஸ்டிக்கில் பதிந்திருப்பதால் அதிகம் இறுக்கினால் சுழன்று ஒழுகத் தொடங்கும், குறைந்தால் இணைப்பு சூடாகி உருகும். பஸ்பார் ஏற ஏற வோல்டேஜும் ஏறுகிறது, கையுறையை மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளாக்கையும் அளந்த பிறகே மூடியைப் பொருத்துங்கள்.

சர்வீஸ் பிளக்கைச் செருகி, கைப்பிடியை மடக்கி, கடைசியாக நகர்த்திப் பூட்ட வேண்டும். அந்தக் கடைசி நகர்வை மறந்தால் வண்டி ரெடிக்கு வராது. நிறையப் பேர் பேக்கை மறுபடி இறக்குவது இதற்காகத்தான், ஆகவே முதலில் இதைப் பாருங்கள். 12 வோல்ட்டை இணைத்து, கோடுகளை அழித்து, அரை மணி நேரம் மென்மையாக ஓட்டுங்கள். பிறகு முன்பு செய்தது போலவே பாரத்தில் பிளாக் வோல்டேஜ்களைப் பதிவு செய்யுங்கள். முதல் வாரத்திலும் ஒரு மாதம் கழித்தும் அதே சாலையில், அதே நேரத்தில் மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். கழித்துப்போட்ட மாட்யூல்களின் முனைகளை டேப்பால் மூடி, பேட்டரி மறுசுழற்சி செய்பவரிடம் ஒப்படையுங்கள்.